பேப்பர் குடுத்தது யாரு

நவ. 20, வியாழன்
விடாத தூறல். துணி எதுவும் காயவில்லை. பாப்பாவின் யூனிஃபார்மை இஸ்திரி போட்டே உலர்த்த வேண்டியதாயிற்று.

பதினொரு மணிக்கு ஸ்டேஷனிலிருந்து போன். “சும்மா ஒரு வாட்டி வந்துட்டுப் போங்க மேடம்.” எதற்கு என்றால், “வாங்க, பேசிக்கலாம்.”

எர்ணாவூர் செய்தியாகத்தான் இருக்கும். குடியிருப்புப் பிள்ளைகள் வாந்தி எடுத்த அன்று காற்றில் நச்சு வாயு அளவுக்கு மேல் இருந்ததென்று அரசு அறிக்கையே சொல்கிறது. அதை அமுக்கிவிட்டார்கள். நகல் என் கைக்கு வந்தது. எங்கள் வார இதழிலும் சேனலிலும் போட்டோம். இரண்டு வாரம் ஆயிற்று. யாரும் மறுக்கக்கூட இல்லை. இப்போது ஏன்?

நகல் கொடுத்தது அந்த அறிக்கையைத் தயாரித்த அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒரு அக்கா. பெயரை இங்கேயும் எழுதப் போவதில்லை. ச. என்று வைத்துக்கொள்கிறேன். அது அவர் முதலெழுத்தும் இல்லை. எங்கள் ஆசிரியருக்கே தெரியாது.

நவ. 21, வெள்ளி
ஸ்டேஷன். இரண்டரை மணி நேரம். டீ, பிஸ்கட். ஃபேனை வேறு என் பக்கம் திருப்பினார்கள். இவ்வளவு மரியாதை எதற்கு?

இன்ஸ்பெக்டர்: “உங்க மேல ஒண்ணுமே இல்லம்மா. பேப்பர் குடுத்தது யாரு, அத்த மட்டும் சொல்லிட்டுக் கெளம்புங்க.”

“சொல்ல முடியாது சார்.”

“அப்போ உங்க மேலதான் வரும்.”

எது நிஜம்? ஒன்றுமே இல்லை என்றதா, வரும் என்றதா?

போனை வாங்கி வைத்துக்கொண்டார். ரசீது கேட்டேன். “குடுக்கலாம்.” கொடுக்கவில்லை. பாஸ்வேர்டு? மறந்துவிட்டது என்றேன். தினம் நூறு முறை போடுகிறேன்! அவர் சிரித்தார். “வூட்டுக்குப் போய் யோசிங்க. ஞாபகம் வரும்.”

ச.வின் நம்பர் அதில்தான். உடைத்துத் திறக்க முடியுமா? முடியும் என்கிறார் எங்கள் ஆபீஸில் ஒருவர், முடியாது என்கிறார் இன்னொருவர்.

நவ. 22, சனி
ஆசிரியர் எர்ணாவூர் வீடியோவைச் சேனலிலிருந்து நீக்கிவிட்டார். தூத்துக்குடிக்காரர், எங்கள் ஆபீஸுக்குக் கீழ்த்தளத்தில் அவர் அண்ணனின் மளிகை மொத்தக்கடை. “கொஞ்ச நாளைக்குச் சும்மா இரும்மா. கடையையும் சேத்துல்லா மூடிருவாங்க.” சொல்லிக்கொண்டே ஒரு வக்கீல் விலாசம் எழுதிக் கொடுக்கிறார். எந்தப் பக்கம் இவர்?

என் வீட்டுக்காரர், காலையில்: “பேர சொல்லித் தொலச்சிட்டு வாமே. நம்மளுக்குக் கொயந்த கீது.” ஹார்பர் வேலை முடிந்து வந்து, சாப்பிடும்போது: “சொல்லிட்டியா இன்னா?” இல்லை என்றேன். “சொல்லாத. குடுத்தவங்களுக்கும் கொயந்த இருக்கும்ல.” இதே மனிதர்தான்.

எதிர் டீக்கடையில் ஹெல்மெட் கழற்றாத ஒருவன். என்னையா பார்க்கிறான்? மழைக்கு ஒதுங்கியவனாகவும் இருக்கலாம்.

வாங்க வேண்டியவை: உளுந்து, கொசுவத்தி, பாப்பாவுக்கு கிராஃப் நோட்டு.

நவ. 23, ஞாயிறு
ச.வை எப்படி எச்சரிப்பது? போன் இல்லை. வீட்டுக்குப் போகப் பயம். ராயபுரத்தில் அவர் போகும் சர்ச் தெரியும். காலைப் பூசைக்குப் போய் அவருக்குப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். எப்போது எழுவது, எப்போது மண்டியிடுவது, எல்லாமே தப்பு.

பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம். எல்லோரும் திரும்பிக் கும்பிட்டுக்கொண்டார்கள். ச.வும் திரும்பினார். கூப்பிய கையை இறக்காமலே கிசுகிசுத்தார்.

“ஆபீஸ்ல நாலு பேர கூப்ட்டுக் கேட்டாங்கோ. நானும் போனேன். யாருன்னு தெர்ல அவங்களுக்கு.”

“என் போன் அவங்க கைல கீதுக்கா.”

அவர் கை இறங்கியது. “நான் வேணா ஒத்துக்கட்டா? உனுக்கு இன்னாத்துக்குத் தொல்ல?”

“வாணாங்க்கா.”

திரும்பிக்கொண்டார். காப்பாற்றுகிறேனா, மாட்டிவிட்டேனா?

நவ. 24, திங்கள்
ஆசிரியர் சொன்ன வக்கீல் என்னோடு ஸ்டேஷனுக்கு வந்தார். சின்னப் பெண், பெரிய குரல். பத்து நிமிடத்தில் போனை உறையில் போட்டு சீல் வைக்கச் செய்து, ரசீதும் வாங்கிவிட்டார். கோர்ட் உத்தரவில்லாமல் திறக்கக் கூடாதென்று எழுதியும் கொடுத்தார்.

“திறக்க மாட்டாங்களா?”

“திறந்தா நாம கேஸ் போடலாம்.”

இது பதிலா?

என் மேல் வழக்கு பதிந்தாயிற்று. எஃப்.ஐ.ஆர். நகலை பஸ்ஸில் படித்தேன். குற்றம் சாட்டப்பட்டவர்களில் முதல் எதிரி நான். அப்பா பெயர், வயது, கதவு எண், எல்லாம் சரியாக. இரண்டாம் எதிரி: பெயர், விலாசம் தெரியாத நபர்.

அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். சிரிப்பு வந்தது. அழுகையும்.

பக்கத்து சீட் அம்மா எட்டிப் பார்த்து, “இன்னாம்மா, ரிசல்ட்டா? பாஸா?”

ஆமாம் என்றேன்.