கூறைச்சேலையில் தைத்த கோட்

டோர்செட் பார்க், ஸ்காபரோ
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகள் துர்க்காவுக்கு,

நீயும் உன் தையற்கைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று பிள்ளையாரைக் கும்பிட்டுக்கொண்டு அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பா, தம்பி, நான் எல்லோரும் உடம்பால் சுகம். மனதால் எப்படி இருக்கிறோம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நீ போனை எடுக்கிறாய் இல்லை, செய்தி போட்டாலும் பார்க்கிறாய் இல்லை, கையால் எழுதியது வந்தால் பிரிக்காமல் வைக்க உனக்கு மனம் வராது என்று நினைத்து எழுதுகிறேன். தம்பி பிரவீனனுக்கு நீ அனுப்பிய செய்தியை அவன் எனக்குக் காட்டினான். நீ தைத்த கோட் பறிபோனதற்குத் தையற்கூடத்தில் எல்லோரும் உன்னைத்தான் பார்க்கிறார்கள் என்றும், வேலையை விட்டுவிடப் போகிறாய் என்றும், அப்பாவின் முகத்தில் இனி எப்படி முழிப்பது என்றும் எழுதியிருக்கிறாய். ஒன்றும் செய்யாதே பிள்ளை. இதைக் கடைசிவரை வாசித்து முடி, அதன்பிறகு யோசிக்கலாம். இங்கே நடந்ததில் பாதிதான் உன் காதுக்கு வந்திருக்கிறது.

இது தொடங்கியது றீற்றா அன்ரியின் பேத்தியின் பிறந்தநாளில். மண்டபத்தில் சாப்பாட்டு மேசையில் இருக்கும்போது றீற்றா அன்ரி போனை நீட்டி, "புனிதம், இது உங்கட துர்க்கா தைச்சதாமே, சனம் எல்லாம் அனுப்புது" என்றா. படத்தில் ஒரு யப்பான்காரப் பொடியன். சுண்ணாம்பு போல வெள்ளை முகம், கறுத்த உதடு, காகச் சிறகு போலத் தலைமயிர், கையில் கிற்றார். உடம்பில் முழங்கால்வரை தொங்கும் ஒரு சிவப்புக் கோட். அதன் நெஞ்சுப் பக்கத்தில் ஒரு தையல் எனக்குத் தெரிந்த தையல். எங்கள் கலியாணத்தில் ஆராத்தி எடுக்கும்போது கற்பூரப் பொறி தெறித்து என் கூறைச்சேலையில் ஓட்டை விழுந்ததும், அதை நான் நிறம் சேராத நூலால் இழையோட்டியதும் உனக்குத் தெரியும். அந்த இழையோட்டத்தை நீ மறைக்காமல், பதக்கம் குத்துகிற இடத்தில் வைத்துத் தைத்திருந்தாய். அப்பா என் தோளுக்கு மேலால் படத்தைப் பார்த்தார், போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார், றீற்றா அன்ரியிடம் திருப்பிக் கொடுத்தார். அவர் சத்தம் போட்டிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன்.

நீ யப்பானில் ரோக்கியோவுக்குப் போகும்போது அந்தக் கூறையைப் பெட்டியில் வைத்தது நான்தான். அங்கே ஒரு கோயில் விசேஷம் வந்தால் உடுப்பாய், வராவிட்டால் மனம் சோர்ந்த நேரம் எடுத்துப் பார்ப்பாய் என்று நினைத்தேன். கத்தரிக்கோல் படும் என்று நினைக்கவில்லை. பாட்டுக்காரருக்கு மேடை உடுப்புத் தைக்கிற உன் வேலையைப் பற்றி நீ விளங்கப்படுத்தியது எனக்கு மறக்கவில்லை. விஷுவல் கேய் என்கிற அந்தப் பாட்டு காதுக்குப் பாதி, கண்ணுக்குப் பாதி என்றாய். மேடையில் அவர்கள் போடுவதைப் பார்த்து ரசிகப் பிள்ளைகள் தாங்களே தைத்துத் தெருவுக்குப் போட்டுக்கொண்டு வருவார்கள், தெருவில் அந்தப் பிள்ளைகள் புதிதாகச் செய்வதைப் பார்த்து மேடைக்காரர் எடுத்துக்கொள்வார்கள், ஆர் முதல் ஆர் பிறகு என்று சொல்லேலாது அம்மா என்றாய். எங்கள் காலத்தில் ஒரு படம் ஓடினால் அந்த நடிகையின் பிளவுஸ் கை தையற்கடைக்கு வருமே, அதுதானே இது என்று கேட்டேன். "நடிகை உங்களைப் பார்த்துத் திருப்பித் தைக்கிறேல்லையே அம்மா" என்று சிரித்தாய். அப்போது நானும் சிரித்தேன். என் கூறையும் அந்தச் சுற்றுக்குள் போகும் என்று நீ சொல்லவில்லை.

அதன்பிறகு வீடு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அப்பா பிறம்ரனில் ட்றக் ஓட்டுகிற வேலையால் வந்து ரோட்டுக் கதைகூடச் சொல்வதில்லை, சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு ரீவிக்கு முன்னால் இருந்துவிடுவார். அந்தக் கிற்றார்ப் பொடியனின் பாட்டுக் கூட்டம் றொரன்ரோவில் பாட வருகிறது என்று பிரவீனன்தான் வாய் தவறிச் சொன்னான். அந்தச் சனிக்கிழமை மத்தியானம் அப்பா சப்பாத்தைக் கட்டிக்கொண்டு, "போய் வாங்கிக்கொண்டு வாறன்" என்றார். மரக்கறிக் கடைக்குப் போகிறார் என்று நினைத்து, முருங்கைக்காய் இருந்தால் எடுங்கோ என்று நானும் சொன்னேன். தம்பி எழும்பி வந்து அப்பா எங்கே என்று கேட்டான். நான் சொன்னதும் அவன் முகம் மாறிவிட்டது. "அம்மா, அவர் கடைக்குப் போகேல்லை. அவங்கள் இண்டைக்குத்தான் குயின் வீதியில பாடுறாங்கள்" என்றான். நின்ற நிலையிலேயே காரில் ஏறினோம். நெடுஞ்சாலையில் வாகனங்கள் நகரவில்லை. அப்பாவுக்குப் பிரஷர் இருக்கிறது, கோபத்தில் கையை நீட்டிவிட்டால் பொலிஸ் வரும், இந்த வயதில் அவரைக் கையில் விலங்கோடு பார்க்க வேண்டுமோ என்று பயந்தேன். போன் அடித்தால் எடுக்கவில்லை. அவரில் இருக்கும் பிடிவாதம்தான் உனக்கும்.

மண்டபத்துக்கு வெளியே தெரு முனைவரை பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். லேஸ் பாவாடை கட்டிய பொடியன்கள், முழங்கால்வரை சப்பாத்துப் போட்ட பெட்டைகள், எல்லா முகத்திலும் வெள்ளைப் பூச்சு. அதற்குள் ஒருத்தி மயில்பச்சைச் சேலையில் வெட்டிய ஒரு சட்டை போட்டிருந்தாள், சரிகைக் கரை காலரில் நின்றது. என்னைப் பார்த்ததும் "அன்ரி, நீங்கள் துர்க்கா அக்கான்ர அம்மாவோ" என்று தமிழில் கேட்டாள். லக்ஷிகாவாம், எங்கள் பக்கத்துக் கட்டடம், மட்டக்களப்புப் பிள்ளை. உன் கோட்டின் படத்தைப் பார்த்துத்தான் தைத்தாளாம். எனக்கு இருந்த பதட்டத்தில், அது ஆற்றை சாறி என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். "அம்மாட. கேட்டுத்தான் வெட்டினனான். முதல் மாட்டன் எண்டவ, நான் விடாமல் கேட்டனான். பிறகு அவவே கரையைப் பிடிச்சுத் தந்தவ" என்றாள். துர்க்கா, அந்தப் பிள்ளை என்னைக் குத்த வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் குத்தியது.

அவள்தான் அப்பா நிற்கிற இடத்தைக் காட்டினாள். பின்பக்க ஒழுங்கையில், சித்திரம் கீறிய சுவருக்கு முன்னால், பாட்டுக்காரர் ரசிகர்களோடு படம் எடுத்துக்கொண்டு நின்றார்கள். நாங்கள் போய்ச் சேரும்போது அப்பா தன் வேலை ஜக்கெற்றோடு அந்தக் கிற்றார்காரனின் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ரென் என்று நீ சொல்கிற பிள்ளை அவன்தான். ஒரு காவலாளி அப்பாவின் தோளைப் பிடித்து இழுக்கிறான், சுற்றிவர எல்லாப் போனும் அவருக்கு நேரே நிற்கிறது. அப்பா ஆங்கிலத்தில், என் மனிசி, கலியாணம், என்ற இரண்டு சொல்லையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு நின்றார். மிச்ச ஆங்கிலம் எல்லாம் எங்கே போனதோ தெரியாது. தம்பி நடுவில் புகுந்து காவலாளியின் கையை எடுத்துவிட்டு விஷயத்தைச் சொன்னான். அவர்களோடு வந்த பெண் ஒருத்தி யப்பான் பாசையில் ரென்னுக்குச் சொன்னாள். அவன் அப்பாவைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். கோட்டைக் கழற்றினான். அந்தக் குளிரில் மெல்லிய கறுப்புச் சட்டையோடு நின்று, அதை மடிக்கத் தெரியாமல் மடித்து, இரண்டு கையாலும் நீட்டிக் குனிந்தான். லக்ஷிகா அழுதாள், கண்மை கன்னத்தால் ஓடியது. "அங்கிள், அதைக் கொண்டு போகாதேங்கோ, அது துர்க்கா அக்கா தைச்சது" என்றாள். அப்பா கோட்டை வாங்கிக் கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டு நடந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து அதைச் சோபாவில் போட்டுவிட்டு, "உள்ளுக்கை கொண்டுபோய் வையும்" என்றார். எனக்கு அந்த நேரம்தான் பொறுமை போனது. ஆரைக் கேட்டுப் போனனீங்கள் என்று கேட்டேன். "உமக்காகத்தானே போனனான்" என்றார். எனக்கு வேணுமெண்டு நான் சொன்னனானோ, கூறை என்ர, வெட்டினவளும் என்னைக் கேக்கேல்லை, பறிச்சவரும் என்னைக் கேக்கேல்லை, இந்த வீட்டில என்ர கூறைக்கு எல்லாரும் சொந்தம், நான் மட்டும் பார்த்துக்கொண்டு நிக்க வேணுமோ என்று கேட்டேன். இவ்வளவு சத்தமாக நான் கதைத்ததை உன் தம்பி கண்டதில்லை. அப்பா எதிரே வந்து இருந்தார். கலியாணத்துக்கு முதல், இங்கே பார்க்டேலில் நாலு பேரோடு ஓர் அறையில் இருந்த காலத்தில், ஜெராட் வீதிச் சேலைக் கடைக்கு மூன்று முறை போய்த் தெரிந்தெடுத்த கூறை அது என்று மட்டும் சொன்னார். அது எனக்குத் தெரியாது. அதைக் கேட்ட பிறகு கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கோட்டை மடியில் எடுத்து வைத்தேன். ஒவ்வொரு வெட்டையும் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. அதே நேரம் முதுகு நடுவால் சரிகைக் கரையை ஓடவிட்டு, கீழே மடிப்பு மடிப்பாக விரித்திருக்கிறாயே, அதில் ஓர் இழை கோணவில்லை. வயிறு எரிந்துகொண்டே உன் கையை மெச்சினேன், அது உண்மை. அழுதும் விட்டேன்.

அன்று பின்னேரம் ரென் அந்தக் கறுப்புச் சட்டையோடுதான் மேடை ஏறினானாம். ஒழுங்கையில் நடந்தது படமாகி எல்லா இடமும் போய்விட்டது. ஒரு பக்கம் எங்கள் கலாசாரத்தைக் காப்பாற்றினார் என்று அப்பாவைத் தூக்கினார்கள், மறுபக்கம் காட்டுமிராண்டி என்று திட்டினார்கள். இரண்டையும் பார்த்து அவர் சுருண்டு போனார். அடுத்த நாள் காலை உன் செய்தி வந்தது. அதை வாசித்துவிட்டு நான் கோட்டை நீராவி பிடித்து, உறை போட்டு, கொழுவியில் மாட்டி அப்பாவிடம் கொடுத்தேன். மொன்றியலுக்கு உங்கட லோட் போகுதுதானே, அவங்கட அடுத்த பாட்டு அங்கதான், கொண்டுபோய்க் குடுங்கோ என்றேன். "எந்த முகத்தோட போறது" என்றார். பறிச்சுக்கொண்டு வந்த முகத்தோட போங்கோ என்றேன். பிறகு ட்றக்கின் சாவியை எடுத்தார்.

கொடுத்துவிட்டார், பிள்ளை. மண்டபத்து வாசலில் அவரைக் கண்டதும் காவலாளி முதலில் மறித்தானாம், ரென்தான் வெளியே வந்து கூட்டிப் போனானாம். என்ன கதைத்தீர்கள் என்று கேட்டால், "என்ன கதைக்கிறது, அவனுக்கு என்ர பாசை தெரியாது, எனக்கு அவன்ர தெரியாது" என்கிறார். இருந்து பார்த்துவிட்டுப் போகச் சொல்லிச் சைகை காட்டினார்களாம், காதுக்குள் ரிஸ்யூப் பேப்பரை அடைத்துக்கொண்டு கடைசி வரிசையில் நின்றாராம். வந்து சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "அவன் கையைத் தூக்கிக் கிற்றார் அடிக்கேக்க கோட்டின்ர இடது தோள்மூட்டு இழுக்குது. அவளிட்டச் சொல்லும்" என்றார். சொல்லிவிட்டேன். அவரிடமிருந்து இதற்கு மேல் இப்போதைக்கு எதிர்பார்க்காதே.

ஆகவே கோட் அவர்களிடம் இருக்கிறது. நீ வேலையை விடக்கூடாது. தையற்கூடத்துக்குப் போய், உன் பெரியவரிடம் நடந்ததை நேராகச் சொல்லு, மறைத்துக் கதைக்காதே. அவர்கள் கோபித்தால் கேட்டுக்கொண்டு நில், அதற்கும் மேலே விளக்கம் கேட்டால் பிரவீனன் நடந்ததை ஆங்கிலத்தில் எழுதித் தருவான். தலையிடி வரும்வரை பட்டினி கிடக்காதே, சோறும் முட்டையும் என்றாலும் சாப்பிடு. குளிர் தொடங்குகிறது, உனக்கும் ஒரு கோட் தைத்துக்கொள், பிறத்தியாருக்கு மட்டும் தைக்காதே.

அப்பாவுக்கும் உனக்கும் நடுவில் இருப்பது மெல்ல மெல்லத் தீரும். எனக்கும் உனக்கும் நடுவில் இருப்பது அப்படித் தீராது, அதை நான் ஒளிக்க விரும்பவில்லை. எனக்கு இன்னும் கோபம்தான். வெட்டியதை ஒட்ட முடியாது, ஒட்டித் தா என்று நான் கேட்கவும் இல்லை. ஆனால் இந்தக் கடிதம் கிடைத்த அன்றே போன் எடு. எடுத்து, அம்மா, உங்கட கூறையை வெட்டட்டோ என்று என்னைக் கேள். இப்போது கேட்டு என்ன என்று நினைக்காதே. நான் ஓம் என்பேனோ மாட்டேன் என்பேனோ எனக்கே தெரியாது, நீ கேட்டால்தான் தெரியும்.

பிள்ளையார் உன் கையிலும் கண்ணிலும் துணை இருக்கட்டும். போனுக்குப் பக்கத்தில்தான் இருப்பேன்.

உன் மேல் கோபமும் பட்சமும் உள்ள அம்மா,
புனிதவதி நவரட்ணம்