மாரிமுத்து விழுந்ததை நான் சொன்னது

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை

வயசானவர்களின் கால் பலம் பார்க்க இன்று எங்கள் தெருவுக்கு நர்ஸம்மா வந்தது. கையை மார்பில் கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து அரை நிமிஷம் எழுந்து எழுந்து உட்கார வேண்டும். நான் ஐந்து முறை எழுந்தேன். அதற்குள் தொடை வெடவெடத்தது.

"இந்த வருசம் எங்கயாச்சும் விழுந்தீங்களா தாத்தா?"

ஆடி மாசம் கொல்லையில் வழுக்கி விழுந்தேன். பக்கத்து வீட்டு மாரிமுத்துதான் தூக்கினான். யாரிடமும் சொல்லவில்லை. இன்றும் அவனே முந்திக்கொண்டான். "இவனா? நாப்பது வருசம் கடலே இவனத் தள்ளலம்மா, தரையா தள்ளப்போவுது?"

அடுத்து அவன் உட்கார்ந்தான். பதிமூன்று முறை எழுந்தான். நர்ஸம்மா கை தட்டியது. எனக்கு வயிறு எரிந்தது.

"அய்யா போன மாசம் வலை தடுக்கிக் குப்புற விழுந்தாரு, அதயும் எழுதிக்கம்மா" என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். நர்ஸம்மா சிரிக்கவில்லை. அவன் மகள் நம்பரை வாங்கிப் பேசியது.

சாயங்காலமே கோவில்பத்திலிருந்து மகள் ஆட்டோவில் வந்துவிட்டாள். "தனியா இருந்தது போதும்ப்பா" என்று அவன் வேட்டிகளைப் பையில் அடுக்கினாள். அவன் என்னைத் திட்டவில்லை. வீட்டுச் சாவியைக் கொடுத்து, "பூனைக்கு மீன் தலை ஏதாச்சும் போடுடா" என்றான். நான் சாவியைத்தான் பார்த்தேன், அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

பூனைக்குப் போட்டுவிட்டேன்.

நானும் விழுந்ததை நாளைக்கு நர்ஸம்மாவிடம் சொல்ல வேண்டும். சொன்னால் என் மகனும் ஆட்டோவோடு வந்து நிற்பான். சொல்வேனா என்று தெரியவில்லை. இப்போது கொல்லைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டே போய்வந்தேன். விழுந்தால் தூக்க அடுத்த வீட்டில் ஆளில்லை.