புளி தட்டும் கை

புதூர்நாடு
மார்ச் 3, 2025

அன்புத் தங்கை ரேணுவுக்கு,

அக்கா கல்பனா எழுதுவது. என் வீட்டுக்காரர், உன் மாமா பிரகாஷ், என் போனைத் தினமும் வாங்கிப் பார்க்கிறார். அதனால்தான் ஜீப்கார விஜயராஜ் அண்ணன் கையில் இந்தக் கடிதம். வேலூரிலிருந்து ஒரு எட்டு வந்து எட்டிப் பார்க்க உனக்கு மனசில்லை. அந்தத் தூக்க ஆஸ்பத்திரியையே கட்டிக்கொண்டு கிட.

இங்கே நல்ல செய்தி இல்லை. மாமாவின் அண்ணன் பஞ்சாட்சரத்தைக் கரடி அடித்துவிட்டது. புளியந்தோப்பில் மண்டை பிளந்து கிடந்தார். அந்தத் தோப்புப் பங்குக்காகத்தான் அண்ணனும் தம்பியும் பேசாமல் இருந்தார்கள். போலீசுக்குச் சொன்னால் உடம்பை அறுப்பார்கள் என்று உன் மாமா அன்றே அடக்கம் செய்ய வைத்தார்.

அன்றிலிருந்து மத்தியானம் படுத்துத் தூங்கினால் உன் மாமாவின் வலது கை, கட்டையால் புளி தட்டிக் கொட்டை எடுப்பதுபோல ஓங்கி ஓங்கி இறங்குகிறது. பஞ்சாட்சரத்தின் மனைவி பாஞ்சாலை அக்கா, "புளி தட்ற கை, தூங்கினா மட்டும் சும்மா இருக்குமா?" என்கிறார். தூங்குகிறவர்களைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவளே, இது வியாதியா?

உன் அக்கா,
கல்பனா

வேலூர்
மார்ச் 7

அன்பு அக்கா,

திட்டாதே, லீவு கிடைக்கவில்லை. பெரிய மாமாவை நினைத்து அழுதுகொண்டே இருக்கிறேன்.

தூக்கத்தில் மூளை சும்மா கிடக்காது. புதிதாகப் பார்த்ததை, புதிதாகச் செய்ததைத் திரும்ப ஓட்டிப் பார்க்கும். அப்படித்தான் அது நினைவில் பதிகிறது. உடம்பு அசையாமல் கிடக்கும். சிலருக்கு மட்டும் கைகாலும் கூடவே ஆடும்.

ஆனால் ஒன்று உதைக்கிறது. மாமா சின்ன வயதிலிருந்து புளி தட்டுகிறவர். அது அவருக்குப் புதிதில்லையே? இடது கை என்ன செய்கிறது என்று பார்த்து எழுது. பக்கத்தில் படுக்காதே.

ரேணு

புதூர்நாடு
மார்ச் 10

ரேணு,

பார்த்தேன். கொட்டை எடுக்கத் தட்டும்போது இடது கை பழத்தைத் தளர்வாகப் புரட்டிக்கொண்டே இருக்கும். இவர் கை புரட்டவில்லை. எதையோ கொத்தாகச் சுற்றிப் பிடித்துத் தரையோடு அழுத்துகிறது. அதன் மேல்தான் வலது கை இறங்குகிறது.

படவேட்டு அம்மனுக்கு நேர்ந்துகொண்டு முதுகு வரை முடி வளர்த்திருந்தார் பஞ்சாட்சரம். கரடி முடியைப் பிடித்தா அடிக்கும்? பயமாக இருக்கிறது. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

கல்பனா

வேலூர்
மார்ச் 12

அக்கா, எதுவும் கேட்காதே. தூக்கத்தில் கை ஆடியது சாட்சி ஆகாது. நானே முழுசாக நம்ப மாட்டேன். ஆனாலும் கட்டின புடவையோடு ஜீப் ஏறி வந்துவிடு.

ரேணு

புதூர்நாடு
மார்ச் 20

அன்பு ரேணு,

உன் கடிதம் வருவதற்குள் கேட்டுவிட்டேன்.

"ஆமாண்டி, நான்தான். இன்னா பண்ணுவ?" என்றார். என் முடியை இடது கையில் சுற்றி முகத்தைப் புளி தட்டும் கல்லில் அழுத்தினார். அதே பிடி. என் மூக்கு உடைந்தது. கைக்குத் தட்டுக்கட்டை கிடைத்தது. பிடி விடும் வரை அவர் தலையில் அடித்தேன். விட்ட பிறகும் அடித்தேன், ரேணு.

சாகவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் போலீசிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்.

நான் இப்போது பாஞ்சாலை அக்கா வீட்டில் இருக்கிறேன். இன்று மத்தியானம் கண் அயர்ந்துவிட்டேன். விழித்தபோது பாஞ்சாலை அக்கா என் வலது கையைத் தன் இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னாக்கா?" என்றேன்.

"ஒண்ணும் இல்ல. புளி தட்டிக்கினு இருந்த. தூங்கு" என்றார்.

உன் அக்கா,
கல்பனா