பாரத்தை அவன் மேல் போடு

மார்ச் 3

வாண்டு, இன்றைக்கு மறுபடியும் வேலைக்குப் போனேன். உன் சித்திதான் பிடித்துத் தள்ளினாள். இப்படியே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் சுவருக்கே பைத்தியம் பிடித்துவிடும் என்றாள். அதே சலவைக்கூடம், அதே இஸ்திரி மெஷின். ஈரப் போர்வையை இந்தப் பக்கம் கொடுத்தேன், அந்தப் பக்கம் காய்ந்து போனது. ஆஸ்பத்திரிப் போர்வை, ஓட்டல் போர்வை, எல்லாம் பழையபடி அழுக்காகி வருகின்றன. யாரும் படுக்காமல் இல்லை.

லிஃப்ட் இருக்கிற பக்கம் மட்டும் திரும்பவில்லை.

மார்ச் 6

விசாரணை அதிகாரி வந்து போனார். நீ விழுந்தது உன் கவனக்குறைவாம்.

கவனக்குறைவா? உனக்கா? கரண்டியை இடம் மாற்றி வைத்தால் பெற்ற என்னையே திட்டுகிறவள் நீ.

எழுதியாவது வைக்கிறேன். நம் தள்ளுவண்டியின் முன்சக்கரம் லிஃப்ட் வாசலில் மாட்டிக்கொள்ளும். அதனால் எல்லோருமே முதுகைக் காட்டிக்கொண்டு, பின்பக்கமாக நடந்துதான் வண்டியை உள்ளே இழுப்போம். கதவு திறந்திருந்தால் லிஃப்ட் அங்கே நிற்கிறது என்று அர்த்தம். கதவைச் சாத்தாமல் அது நகராது. அந்த நம்பிக்கைதான். ஆனால் கதவைச் சாத்திச் சாத்தித் திறக்க நேரமாகிறதென்று, கதவோரத்தில், சாத்தினால் அமுங்குகிற பித்தானை ஒரு மரக்கட்டை செருகி அமுக்கி வைத்தார் சூப்பர்வைசர். கதவு சாத்தியிருக்கிறதென்று லிஃப்ட் ஏமாந்துபோகும்.

நீ வண்டியை இழுத்துக்கொண்டு போனாய். கதவு திறந்திருந்தது. லிஃப்ட் மேல்மாடியில் இருந்தது.

நான் அதே கூடத்தில் இருந்தேன். மெஷின் இரைச்சலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. யாரோ வந்து தோளைத் தொட்ட பிறகுதான் தெரியும்.

போர்வை மடிக்கிற மேசையருகே நிற்கிற நெட்டைதான் முதலில் ஓடினாள். அவள் பார்த்திருக்கிறாள். சூப்பர்வைசர் கீழே உன்னிடம் ஓடவில்லை. கட்டையை உருவிச் சட்டைப்பையில் போட்டிருக்கிறார். என்னிடம் சொன்னாள். அதிகாரி கேட்டபோது மட்டும், தான் எதையும் பார்க்கவில்லை என்று தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கும் வேலை போய்விடுமே என்ற பயம்.

மார்ச் 11

எல்லோருக்கும் ஒரே பாட்டு. பாரத்தை அவன் மேல போடு. கடவுள் என்ன மூட்டை தூக்குறவனா?

மார்ச் 15

உன் சித்தி இழுத்துப் போனாள் என்று கும்பிடப் போனேன். முன்வரிசையில் சூப்பர்வைசர், கண்ணை மூடிக்கொண்டு. அந்த மாதிரி உருக்கம் எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை. எனக்கு என்ன கேட்பதென்றே தெரியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

வரும் வழியில் சித்தி ஆரம்பித்தாள். அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்று.

"நாங்களுந்தான் காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் நிக்கிறோம்" என்றேன். "கால்தான் வீங்குது."

சிரித்துவிட்டாள், பாவம். பிறகு அழுதாள்.

எனக்கு அவன் இல்லை என்று சொல்ல வரவில்லை, வாண்டு. இல்லாதவன்மேல் இவ்வளவு கோபம் வருமா? இருக்கிறான். பார்த்துக்கொண்டிருந்தான். அதுதான் ஆறவில்லை.

மார்ச் 24

சூப்பர்வைசரின் மகள் வீட்டுப் படியிலிருந்து விழுந்துவிட்டதாம். இப்போதுதான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிள்ளை. கண் திறக்கவில்லையாம்.

சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள், ஏதோ நான் பரீட்சையில் ஜெயித்துவிட்ட மாதிரி. விழுந்ததுக்கு விழுந்தது, சரியாப் போச்சு என்றாள் ஒருத்தி. நெட்டை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இனிமே நாம போய்ச் சொல்ல என்னக்கா இருக்கு? அவனே தீர்ப்பு சொல்லிட்டான்."

அவனைத்தான் மனசுக்குள் கேட்டேன். இதுவா தீர்ப்பு? கட்டையைச் செருகினது யாரு, விழுந்தது யாரு? நியாயம் கேட்டேன், ஒரு பச்சைப்பிள்ளையைத் தூக்கி என் மடியில போடுறியே, இதையா கேட்டேன்? உனக்கு வீட்டு விலாசம்தான் தெரியுமா, ஆளு தெரியாதா?

நெட்டையைப் பார்த்துச் சொன்னேன். "அவன் உன்னை எதுக்குடி அன்னைக்கு அந்த இடத்துல நிறுத்தினான்? வேடிக்கை பாக்கவா? சாட்சிக்கு உன்னை வச்சான். நீ வாயை மூடிக்கிட்டு அவனைக் கைகாட்டுறே."

அவள் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு எழுந்து போனாள்.

மார்ச் 26

சாயங்காலம் சூப்பர்வைசர் நம் வீட்டுக்கே வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. இத்தனை வருஷம் "ஏம்மா" என்று கூப்பிட்டவர், இன்றைக்கு "அக்கா".

"உங்க சாபத்தை எடுத்துடுங்கக்கா. பிள்ளை தாங்காது."

என் வாய்க்கு அவ்வளவு சக்தி இருந்தால் அன்றைக்கு நான் கூப்பிட்ட கூப்பாட்டுக்கு நீ எழுந்து உட்கார்ந்திருக்க மாட்டாயா? அதைத்தான் அவரிடமும் சொன்னேன். உங்கள் பிள்ளையை நான் ஒரு வார்த்தை நினைக்கவில்லை என்றேன்.

"கட்டையை நான்தான் வச்சேன்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

"அது எனக்குத் தெரியும். தெரியாதவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க."

போய்விட்டார். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு நடந்தார். பாவமாக இருந்தது. பாவப்பட்டதற்காக என்மேலேயே ஆத்திரம் வந்தது.

மார்ச் 27

அவனிடம் இனி எதையும் வேண்டுவதில்லை என்றுதான் இருந்தேன். இன்றைக்குக் கேட்டுவிட்டேன். அந்தப் பிள்ளைக்காக. கும்பிடவில்லை, சண்டைதான் போட்டேன்.

ஏப்ரல் 2

காலையில் வாசலில் நெட்டை. நல்ல சேலை கட்டி, தலை வாரி, முகம் வீங்கி. "வாக்கா, நான் பேசுறதுக்குள்ள பயம் வந்துடும், சீக்கிரம் போயிடலாம்" என்றாள். அதிகாரி முன்னால் எல்லாவற்றையும் சொன்னாள். சட்டைப்பை வரைக்கும் சொன்னாள்.

ஏப்ரல் 9

சூப்பர்வைசரைக் கூப்பிட்டுக் கேட்டார்களாம். மறுக்கவில்லையாம்.

ஏப்ரல் 21

அதிகாரியே வந்து எல்லோர் முன்னாலும் சொன்னார். உன் மேல் தப்பில்லை. மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டுச் சொன்னார், அதனால் எனக்கு நன்றாகக் கேட்டது.

சூப்பர்வைசரை வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். வழக்கும் இருக்கிறதாம். பிள்ளை பிழைத்துக்கொண்டது. கண் திறந்ததும் தண்ணீர் கேட்டதாம். கேட்டபோது என் மார்பில் பால் சுரந்த மாதிரி ஒரு வலி. சந்தோஷம்தான். பொய் சொல்லவில்லை.

லிஃப்டுக்குப் புதுக் கதவு. இன்றைக்கு முதல்முறையாக அந்தப் பக்கம் போனேன். பெண்கள் இப்போதும் பின்பக்கமாகத்தான் இழுக்கிறார்கள். ஆனால் வாசலுக்கு வந்ததும் ஒரு நொடி நின்று, திரும்பிப் பார்த்துவிட்டுக் காலை வைக்கிறார்கள். ஒவ்வொருத்தியும். நீ கற்றுக்கொடுத்துவிட்டுப் போனது.

அவனோடு எனக்கு இன்னும் தீரவில்லை. அந்தப் பிள்ளைக்காகக் கேட்ட அவன் காது உனக்காக ஏன் கேட்கவில்லை என்று தினமும் கேட்கிறேன். அது எனக்கும் அவனுக்கும். உன்னிடம் கேட்க எனக்கு ஒன்றுதான் இருக்கிறது, வாண்டு. மெஷின் இரைச்சலில் எனக்குக் கேட்காமல் போனது. விழும்போது நீ யாரைக் கூப்பிட்டாய், அவனையா, என்னையா?