இரண்டரை சி.சி. எஞ்சினும் மச்சானும்

ஜனவரி 12, 1975. ஞாயிறு. சித்திரபுரம்.

காலையில் புல் முழுக்க உறைபனி. வாளித் தண்ணீரில் கை வைக்க முடியவில்லை. இன்று எனக்கு ஆஃப்.

மாடல் விமானத்தை எடுத்துக்கொண்டு குவார்ட்டர்ஸ் கிரவுண்டுக்குப் போனோம், நானும் புஷ்பத்தின் அண்ணன் ஆறுமுகம் மச்சானும். எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது. சத்தமெல்லாம் சரி. இழுப்பு இல்லை. தரையிலேயே ஓடி, தவளை மாதிரி இரண்டு தடவை எம்பி, மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. மதுரையில் காலேஜ் நாளில் இதே எஞ்சின் இதே விமானத்தைத் தலைக்கு மேல் வட்டமடிக்க வைத்தது. கையில் பிடித்திருக்கும் கம்பிகள் இரண்டும் விறைத்து நிற்கும், தோள் வலிக்கும். இங்கே கம்பி தொய்ந்து புல்லில் கிடக்கிறது.

காரணம் தெரியும். மலை. காற்று மெலிசு. எலுமிச்சம்பழ அளவு எஞ்சின், அதற்குள் போகிற காற்றே குறைச்சல்.

மச்சான்: "மனுசனுக்கே இங்க மூச்சு வாங்குது மாப்ள. அது பச்சப்புள்ள, என்ன செய்யும்?"

குடியரசு தினத்தன்று பறக்கவிட்டுக் காட்டுவதாக கிளப்பில் வாக்குக் கொடுத்தாயிற்று. ஆக, எஞ்சினைத் திறக்க வேண்டியதுதான்.

- தலைக்கு அடியில் இரண்டு செம்புத் தகடு. ஒன்றை எடுத்தால் அழுத்தம் கூடும்.
- புகை வெளியேறும் வாயை அரத்தால் கொஞ்சம் அகலப்படுத்த வேண்டும்.
- காற்று உள்ளே வரும் துளையைப் பெரிதாக்கி உள்ளே மினுக்க வேண்டும்.
- எரிபொருளில், வேகத்துக்கு, நைட்ரோ கூட்டிப் பார்க்க வேண்டும். கொச்சி பெயிண்ட் கம்பெனி லேபில் இருக்கும் சிநேகிதன் கொடுத்தது ஒரு சின்னக் குப்பி. சிக்கனம்.
- புஷ்பத்துக்கு ஜலதோஷ மாத்திரை.

ஜனவரி 14. பொங்கல்.

நல்ல வெயில். புஷ்பம் விறகு ஈரமென்று அடுப்போடு சண்டை. பொங்கல் ஒருவழியாகப் பொங்கியது.

மச்சான் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு. நவம்பரில் டிரங்குப் பெட்டியோடு வந்து நின்ற ஆள்தானா என்று இருந்தது. குடித்துவிட்டு, இலை சுருட்டும் ரோலிங் ரூமில் மிஷின் பக்கத்தில் விழுந்ததால் டீ பாக்டரியில் நிறுத்திவிட்டார்கள். எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் போயிற்று. கூடப் பிறந்தவன், எங்கே போவான் என்று புஷ்பம் சேர்த்துக்கொண்டாள். தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினாள். அன்றிலிருந்து ஒரு சொட்டு இல்லை. பிப்ரவரியில் திரும்ப எடுத்துக்கொள்வதாகப் பெரிய கிளார்க் சொல்லியிருக்கிறார். கையில் நடுக்கம் மட்டும் இன்னும் இருக்கிறது, காலையில்.

எஞ்சின் வேலைக்கு உட்கார்ந்தால் நடுக்கம் குறைகிறது. இதை யாரிடமும் சொல்லவில்லை. எனக்கே ஒரு பெருமை.

சாயங்காலம் காற்றுத் துளையை ராவினோம். மச்சான் குச்சி முனையில் துணி சுற்றி, வால்வு பேஸ்ட் தடவி, கண்ணாடி மாதிரி மினுக்கிவிட்டார். "மூஞ்சி பாக்கலாம் போல" என்று புஷ்பத்திடம் காட்டினார். அவள் கரும்புத் தோலைத் துப்பிவிட்டு எட்டிப் பார்த்தாள்.

ஜனவரி 16. வியாழன்.

பவர்ஹவுஸில் மூன்றாம் எண் பம்ப் பேரிங் போய்விட்டது. உடம்பு வலி. இருந்தாலும் வந்ததும் எஞ்சின்.

தகடு ஒன்றை எடுத்தாயிற்று. கையால் சுழற்றினாலே எதிர்த்து நிற்கிறது. விசிறி விரலில் பட்டால் நகம் போகும்.

எரிபொருளுக்கு வாங்கின மெத்தில் ஆல்கஹால் டின்னைச் சமையலறைப் பரணில் வைத்திருக்கிறேன். புஷ்பம் கேட்டாள், "அடுப்புக்கு மேலயா வைக்கது?" விறகு அடுக்கும் பக்கம் மாற்றினேன். மச்சான்தான் ஏறி வைத்தார். "இந்த ஸ்பிரிட்டு இம்புட்டு கனமா" என்றார்.

ஜனவரி 18. சனி.

எழுத மனமில்லை.

மத்தியானம் புகை வாயை அகலப்படுத்தும் வேலை. மச்சான் அரம் பிடித்தார், நான் பிஸ்டன் ஓடும் உறையை, ஸ்லீவை, பிடித்தேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அரம் ஒரு தடவை நழுவி உள்ளே போயிற்று. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் உள்சுவரில் கீறல், நகத்தில் தட்டுப்படுகிற கீறல். வேறு ஸ்லீவ் இந்தியாவிலேயே கிடைக்காது.

கத்திவிட்டேன். "கை நடுங்குதுன்னா சொல்லணும்! குடிகாரக் கையில கொடுத்தேன் பாரு!"

வாசலில் பக்கத்து குவார்ட்டர்ஸ் அம்மா நின்றுகொண்டிருந்தது அப்புறம்தான் தெரிந்தது. மச்சான் அரத்தைத் துணியில் துடைத்து, இருந்த இடத்தில் வைத்தார். "சரி மாப்ள" என்றார். எழுந்து போய்விட்டார்.

புஷ்பம் என்னிடம் பேசவில்லை. அவருக்குச் சாப்பாடு எடுத்துவைத்தாள், பசிக்கவில்லையாம். சீக்கிரமே படுத்துவிட்டார்.

நாளைக் காலையில் பேச வேண்டும்.

ஜனவரி 20. திங்கள். எஸ்டேட் ஆஸ்பத்திரி வராந்தா.

நேற்று நடந்தது. விட்டுவிட்டு எழுதுகிறேன்.

காலையில் ஸ்லீவைத் திரும்பப் பார்த்தேன். கீறல் புகை வாய்க்குக் கீழே. அழுத்தம் ஏறுவது அதற்கு மேலே. ஒன்றும் கெடவில்லை. முந்தின நாளே நிதானமாகப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பூட்டினேன். மச்சான் இன்னும் போர்வைக்குள். தலைவலி, வயிறு சரியில்லை என்றாராம். கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

எரிபொருள் கலக்க டின்னை இறக்கினேன். கனம் குறைந்திருந்தது. மூடி சரியாக இல்லை, ஆவியாகிப் போயிருக்கும் என்று நினைத்தேன். நினைத்தேன்.

மெத்தில், விளக்கெண்ணெய், நைட்ரோ. எஞ்சினைப் பலகையில் திருகிச் சுழற்றினேன். பிடித்ததும் பலகையே நகர்ந்தது. இப்படி ஒரு சத்தம் இந்த எஞ்சினில் கேட்டதே இல்லை. குவார்ட்டர்ஸ் முழுக்க எட்டிப் பார்த்தது. விசிறியின் காற்று என் சட்டையை நெஞ்சோடு ஒட்டவைத்தது. சிரித்துக்கொண்டே உள்ளே ஓடினேன், மச்சானிடம் சொல்ல.

அவர் கட்டிலில் உட்கார்ந்து ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், கேட்டீங்களா? கீறலால ஒண்ணும் இல்ல. பிச்சுக்கிட்டு ஓடுது."

"கேட்டுச்சு மாப்ள. இன்னைக்கு என்ன இப்படி மூடல் போட்டிருக்கு? வெளிய முத்தமே தெரியல."

வெளியே வெயிலில் கண் கூசியது. ஒரு பொட்டு மூடுபனி இல்லை.

கனம் குறைந்த டின் நினைவுக்கு வந்தது. "டின்ன தொட்டீங்களா மச்சான்?"

"ரெண்டு கிளாசு. தண்ணி ஊத்திதான்."

நான் அதை எப்போதும் ஸ்பிரிட் என்றுதான் சொல்வேன். விஷம் என்று புஷ்பத்திடம் சொன்னது ஞாபகம் இருக்கிறது. அவரிடம் சொன்னேனா? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். சொன்ன மாதிரி இல்லை.

ஜீப் டிரைவர் தாமஸ் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்தார். வளைவுகளில் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. புஷ்பம் பின்னால் அண்ணன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "கண்ண மூடாத, என்னயப் பாத்துக்கிட்டே இரு" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். "நீ எங்க இருக்க?" என்று அவர் கேட்டார்.

டாக்டரம்மா டின்னை மோந்து பார்த்தார். எடுத்துப் போனது நல்லதாயிற்று. "மெத்தில் ஆணோ? உறப்பாணோ?" என்றார், நிச்சயம்தானா என்று. ஆமாம் என்றேன். அடுத்து அவர் சொன்னது எனக்கு விளங்கவே இல்லை. "பிராந்தி வேணும். ஓடு, கொண்டுவா."

நல்ல சாராயம் உள்ளே இருக்கும்வரை உடம்பு அதைத்தான் முதலில் செரிக்குமாம். கெட்டது விஷமாக மாறாமல் மெதுவாக வெளியே போய்விடுமாம். அதற்கு அதுதான் மருந்து. தாமஸ் வாங்கி வந்தார்.

நர்ஸ் அளவு சொல்லிக் கொடுத்துவிட்டு வேறு வார்டுக்குப் போய்விட்டாள். மணிக்கு ஒரு தடவை. ஊற்றிக் கொடுத்தது புஷ்பம். அண்ணனின் எத்தனையோ பாட்டிலை ஓடையில் உடைத்தவள். முதல் தடவை கண்ணாடி டம்ளரை அவர் உதட்டில் வைத்தபோது அவள் கைதான் நடுங்கியது.

"சத்தியம் போயிருச்சே தாயி" என்றார் அவர்.

"குடி" என்றாள்.

ஜனவரி 21. செவ்வாய். வெயில்.

உயிருக்குப் பயமில்லை என்று டாக்டரம்மா சொன்னார். கண் எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாதாம். விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டார்கள். மச்சான் கையை நீட்டித் தொட்டு எண்ணிச் சொன்னார். நர்ஸ் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார்.

புஷ்பம் துணி துவைக்கப் போயிருந்த நேரம்.

"மாப்ள, இருக்கியளா?"

"இருக்கேன் மச்சான்."

"நீங்க ஏசுனதுனால இல்ல. பொங்கல்ல இருந்தே நாக்கு அடிச்சுக்கிட்டுக் கெடந்துச்சு. ஒரு நா இல்லாட்டி ஒரு நா குடிச்சிருப்பேன்."

உண்மையைச் சொல்கிறாரா, என் மனம் ஆறச் சொல்கிறாரா தெரியவில்லை. முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்றால் அவர் சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார், நான் அங்கே இருப்பதாக நினைத்து.

நான் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன்.

ஜனவரி 22. புதன்.

துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். மெத்திலை மாட்டுக் கொட்டகைக்கு அந்தப்பக்கம் குழி தோண்டி ஊற்றினேன். நைட்ரோவையும். குப்பியை உடைத்தேன். விளக்கெண்ணெய் மட்டும் மிச்சம்.

எஞ்சின் பலகையிலேயே இருக்கிறது. அன்று ஓடியதில் வெளியேறின எண்ணெய் காய்ந்து பிசுபிசு. துடைத்துத் துணியில் சுற்றிப் பெட்டியில் போட்டேன். எஞ்சினையும் தூக்கிப் போடுங்கள் என்று புஷ்பம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கோழிக்குத் தீனி வைப்பதைப் பக்கத்து குவார்ட்டர்ஸ் அம்மா பார்த்துக்கொள்கிறார்களாம். அன்று வாசலில் நின்றவர்கள். கண்ணைப் பார்க்க முடியவில்லை.

ஜனவரி 24. வெள்ளி.

மச்சானை வீட்டுக்குக் கூட்டிவந்தாயிற்று. பார்வைக்கு நடுவில் ஒரு சாம்பல் வட்டமாம், ஓரத்தில் கொஞ்சம் தெரிகிறதாம். ஆளைப் பார்க்கத் தலையைத் திருப்பிக்கொள்கிறார், கோழி பார்க்கிற மாதிரி. பிப்ரவரியில் பாக்டரி என்பதை யாரும் பேசவில்லை. மிஷின் பக்கத்தில் இந்தக் கண்ணோடு யார் விடுவார்கள்?

சாப்பிட்டுவிட்டு மெதுவாகக் கேட்டார், "டாக்டரம்மாவே கொடுத்த மருந்துதான தாயி. பாட்டில்ல மிச்சம் இருந்துச்சே?"

புஷ்பம் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "அது ஆஸ்பத்திரியிலயே தீந்துபோச்சு."

தீரவில்லை. பாதி இருந்தது. எங்கே வைத்திருக்கிறாள், ஏன் கொட்டவில்லை என்று நான் கேட்கவில்லை. மறுபடி கண் மங்கினால் மருந்துக்கு வேண்டுமே என்ற பயமோ என்னவோ. கேட்கப் பயமாக இருக்கிறது.

ஜனவரி 25. சனி.

மழை மேகம், பெய்யவில்லை. ஷிப்டு முடிந்து வரும்போது கிளப் செக்ரட்டரி பிடித்துக்கொண்டார். "நாளைக்குப் பிளேன் உண்டல்லோ?" இல்லை என்றேன். எஞ்சின் ரிப்பேர் என்றேன். "அன்னைக்குச் சத்தம் கேட்டு, நல்ல சத்தம்" என்றார். ஆமாம், நல்ல சத்தம்தான்.

ஜனவரி 26. ஞாயிறு.

கொடி ஏற்றிவிட்டு மிட்டாய் கொடுத்தார்கள். குழந்தைகள் பிளேன், பிளேன் என்று என் பின்னாலேயே வந்தார்கள். சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மச்சானுக்குச் சவரம் செய்துவிட்டேன். பின்கட்டில் முக்காலி போட்டு உட்கார வைத்து, சோப்பு தேய்த்து. கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது. கழுத்துப் பக்கம் வரும்போது தலையை நன்றாகத் தூக்கிக் கொடுத்தார், என்னிடம். பிளேடைப் பிடித்த கை எனக்கு நின்றுவிட்டது.

"மச்சான், அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

"சோப்பு காயுது மாப்ள."

முடித்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிப் பக்கம் தலையைச் சாய்த்துப் பார்த்தார். புஷ்பம் நிலைப்படியில் முறத்தோடு நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"புஷ்பம்தான? மூஞ்சி வட்டமாத் தெரியுது. சிரிக்காளா, அழுகாளான்னுதான் தெரியல. சொல்லுங்க."

"சிரிக்கா மச்சான்" என்றேன்.

புஷ்பம் சிரிக்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள்.