கத்திச் சத்தம் கேட்காத பாட்டு

இன்று எண்ணூர் நெடுஞ்சாலையில் ஷேர் ஆட்டோவில் வந்துகொண்டிருந்தேன். டிரைவர் ஒரு பாட்டைப் போட்டார். உன் வடசென்னைப் பேச்சில் யாரோ ஒரு பெண் ராப் பாடுகிறாள். வரிக்கு வரி துப்பாக்கி வெடிக்கிறது. பக்கத்தில் இருந்தவர் தொடையில் தாளம் தட்டினார். காசைக் கொடுத்துப் பாதியிலேயே இறங்கிவிட்டேன். அந்தப் புழுதியில் நின்று உன்னைத்தான் நினைத்தேன்.

எங்கள் கடை கம்ப்யூட்டரில் நாம் கேட்ட சி.டி.க்கள் எல்லாம் கப்பலில் வேலை செய்த உன் மாமா கொண்டுவந்தவை. நீ கத்திவாக்கத்திலிருந்து, இறால் உரிக்கும் ஷெட்டில் வேலை முடித்து, கையில் அந்த வாடையோடு வருவாய். என் அப்பா முகத்தைச் சுளிப்பார். நீ கண்டுகொள்ளமாட்டாய். துப்பாக்கியும் சண்டையுமாக வரும் கேங்ஸ்டா ராப்பைத் தள்ளிவிடுவாய். குடித்துவிட்டு ஆடுவதற்கென்றே செய்த பார்ட்டி ராப்புக்குச் சிரிப்பாய். கனத்த டிரம் 'தும் டக்' என்று நிதானமாக அடிக்க, அதன்மேல் ஒருவன் பக்கத்து வீட்டுக்காரனிடம் பேசுவதுபோல் பாடிக்கொண்டே போவானே, அந்த பூம் பேப் வந்தால் மட்டும் ஸ்பீக்கர் பக்கம் நகர்ந்து உட்காருவாய். "இவன்தாம்மே கத்தாம பேசறான். எனக்கு இது போதும்."

அந்தத் தாளத்தில்தான் அனல்மின் நிலையம் கழிமுகத்தில் விட்டு மீனையெல்லாம் அழித்த சூடான சாம்பல் தண்ணீரைப் பற்றி நீ பாட்டுக் கட்டினாய். அதைப் பதிவு செய்ய வடபழனி ஸ்டுடியோவுக்கு இருவரும் போனோம். ஸ்டுடியோக்காரர் பாதிகூடக் கேட்கவில்லை.

"நார்த் மெட்ராஸ் பொண்ணுன்னா கேங்ஸ்டாதாம்மா எடுபடும். ரெண்டு கெட்ட வார்த்தை போடு. கத்திச் சத்தத்தை நான் சேத்துக்கறேன்."

"கத்தி எங்கம்மா மீன் அரியத்தான் வெச்சிகீது சார்" என்றாய். அப்போதும் அவர் சிரித்துக்கொண்டே இருந்தார். உனக்கு எரிச்சல் வந்துவிட்டது. அவரைக் கேலி செய்ய, சினிமா ரவுடிபோல் குரலைக் கட்டையாக்கி, "தூக்கிருவேன் நைனா" என்று ஏதேதோ உளறிக் காட்டிவிட்டு வெளியே வந்தாய். மைக் ஓடிக்கொண்டிருந்தது நமக்குத் தெரியாது.

அந்த உளறலைத்தான் பார்ட்டி தாளத்தில் ஒட்டி, கத்திச் சத்தம் சேர்த்து சி.டி. போட்டார். அருவருப்பான காரியம். ஷெட்டில் மேஸ்திரி, "கத்திய எங்க வெச்சிகீற, இடுப்புலயா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டானாம். அதைச் சொன்னபோது நீ அழவில்லை. "என் வாயி எனக்கே நாறுதும்மே" என்று மட்டும் சொன்னாய். அதன்பிறகு நீ பாடவே இல்லை.

அந்த மழைக்காலத்தில், நீ வேலைக்குப் போகும் வழியில் கன்டெய்னர் லாரி மோதியது.

உன் சாவுக்கு வந்த பையன்கள், மரியாதை என்று நினைத்து, ஸ்பீக்கர் கட்டி அதே பாட்டைப் போட்டார்கள். உன் தலைமாட்டில் கத்தி உரசும் சத்தம். உன் அம்மா எழுந்து வந்தார். "நிறுத்துங்கடா. அது எம் பொண்ணு கொரலு இல்ல." பையன்கள் விழித்துக்கொண்டு நிற்க, நான் போய் ஒயரைப் பிடுங்கினேன். அம்மா என் பக்கம் திரும்பி, "அவ உன்னாண்ட பாடுவாளே, அத்தச் சொல்லு" என்றார்.

நான் பாடுகிறவள் இல்லை. மேளக்காரர்களிடம் மெதுவாக அடிக்கச் சொன்னேன். அந்தத் தாளத்தில் உன் வரிகளைச் சொன்னேன்:

"ஆத்துல கால வெச்சா சுடுது,
எங்க வூட்டு அடுப்பு மட்டும் ஆறிகீது."

யாரும் ஆடவில்லை. மேளக்காரர்களில் பெரியவர் மட்டும், "இன்னொரு தபா சொல்லும்மா" என்றார்.

அந்த ஸ்டுடியோக்காரர்மேல் எனக்கிருக்கும் வெறுப்பு இன்னும் குறையவில்லை, குறையவும் வேண்டாம். உன் பாட்டு முழுவதும் என் மனத்தில் இருக்கிறது. யாருக்கும் பதிவு செய்யக் கொடுக்கவில்லை. எப்போதாவது உன் அம்மாவைப் பார்க்கப் போவேன். கேட்பார், சொல்வேன். போன தடவை எங்கள் கடைக்கார வீட்டுப் பேச்சுப் பழக்கத்தில், "ஆறியிருக்கு" என்று வந்துவிட்டது.

மீன் அரிந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "ஆறிகீது" என்றார். "அவ சொன்ன மாதிரியே சொல்லும்மா."

திருத்திச் சொன்னேன்.