உடைக்க வேண்டியவை

ஜூன் 3

அன்புள்ள தம்பிக்கு,

நல்லா இருக்கியா? நேரத்துக்குச் சாப்பிடுறியா? ரெண்டு வருஷத்துல உன்கிட்டேயிருந்து வந்தது மூணே கடிதம். அதுல ஒண்ணு விலாசம் மாறினதைச் சொல்ல. கேட்டா சண்டைக்கு வருவே, விடு.

வெள்ளம் புகுந்த வீடுகள்லேருந்து அள்ளின சாமானெல்லாம் நம்ம பழைய சாமான் கடைக்குத்தான் வந்திருக்கு. மூணு லாரி. ஃப்ரிட்ஜைத் திறந்தா சேறு, மிக்ஸியைக் கவிழ்த்தா சேறு. என் முட்டியோ மடங்க மாட்டேங்குது. எதைத் துடைச்சு விக்கிறது, எதைக் காயலான் கடைக்கு உடைச்சுப் போடுறதுன்னு எனக்கு என்ன தெரியும்? நீ மோந்து பாத்தே சொல்லிடுவே. எல்லாத்தையும் தண்ணிக்குக் கொடுத்தவங்கதான் இப்போ மலிவா ஏதாவது கிடைக்குமான்னு வாசல்ல நிக்கிறாங்க. ஒரு வாரம் வந்துட்டுப் போயேன்.

உன் அக்கா


ஜூன் 15

அக்காவுக்கு,

சௌக்கியம். பிஸ்கட் கம்பெனியில பெட்டி ஒட்டுற வேலை. கரண்ட் பக்கமே போறதில்லை.

பாத்திரம், பீரோ, கட்டிலைக் கழுவிக் காயவெச்சு வித்துடு. ஒயர் இருக்கிற எதையும் உடைச்சுடு. வெளியே காஞ்சிருக்கும், உள்ளே ஈரம் இருக்கும்.

என்னை வரச்சொல்லாதே. உடைக்க வேண்டியதுல சிவப்பு சாக்பீஸால பெருக்கல் குறி போடுறது என் வேலை. டீச்சர் நம்மகிட்ட வாங்கிட்டுப் போன அந்த வாட்டர் ஹீட்டர்ல மட்டும் எப்படிக் குறி போடாம விட்டேன்? ஷாக் அடிச்சுக் கருகின டீச்சரோட வலது கைதான் கண்ணுல நிக்குது. ரூம்ல லைட் போடக்கூடப் பக்கத்துக் கட்டில்காரரைக் கூப்பிடுறேன். அவர் சிரிக்கிறார்.

தம்பி


ஜூன் 24

அன்புள்ள தம்பிக்கு,

ஃப்ரிட்ஜெல்லாம் உடைச்சாச்சு. வாஷிங் மெஷின் ஒண்ணு பாக்கி. நேத்து ஒரு அம்மா வந்து அதைக் கட்டிப்பிடிக்காத குறை. அவங்க வீட்டு மெஷினாம். மூடியில பொண்ணு ஒட்டின ஸ்டிக்கரைக் காட்டினாங்க. "துவைச்சுக் கொடுத்துத்தான் பிழைக்கிறேன்க்கா, சுத்துதான்னு பாருங்களேன்"னாங்க. சுத்திச்சு, தம்பி. நல்லாத்தான் சுத்திச்சு. "எடுத்துட்டுப் போங்க"ன்னு வாய் வரைக்கும் வந்துடுச்சு.

அப்போ ஹீட்டர் ஞாபகம் வந்து நிறுத்திட்டேன். அன்னிக்கும் இப்படித்தான். டீச்சர் வந்து நின்னாங்க, நீ சாப்பிடப் போயிருந்தே. ஹீட்டரைப் போட்டுப் பாத்தேன், தண்ணி சுட்டுது. இவனுக்கு எதைக் கண்டாலும் சந்தேகம்னு நினைச்சு, நீ போட்ட குறியை ஈரத்துணியால துடைச்சது நான்தான். நீ மறக்கலை. எல்லாரும் உன்னைக் குத்தம் சொன்னப்போ நான் வாயைத் திறக்கலை.

அந்த அம்மாவுக்கு என்ன சொல்லட்டும்?

அக்கா


ஜூலை 6

அக்கா,

மெஷினை உடை. அந்த அம்மா அழுதாலும் உடை. ஏன்னு அவங்களுக்குச் சொல்லிட்டு உடை.

உன் கடிதத்தை நாலு தடவை படிச்சேன். கோபம் வரும்னு பாத்தேன். அசதிதான் வந்தது. படுத்துட்டேன்.

டீச்சரைப் போய்ப் பாரு. என்கிட்டச் சொன்னதை அவங்ககிட்டச் சொல்லு. அது வரைக்கும் எனக்கு எழுதாதே.


ஆகஸ்ட் 19

தம்பிக்கு,

மெஷினை உடைச்சுட்டேன். அந்த அம்மா ஸ்டிக்கரை மட்டும் உரிச்சு எடுத்துட்டுப் போனாங்க.

டீச்சர் வீட்டுத் தெரு முனையிலேருந்து ரெண்டு தடவை திரும்பி வந்தேன். மூணாவது தடவை கதவைத் தட்டினேன். இடது கையாலதான் திறந்தாங்க. நின்னபடியே சொல்லி முடிச்சேன். டீச்சர், "உங்க தம்பி மாசம் தவறாம மன்னிப்புக் கேட்டு எழுதுறார். நான் ஒண்ணுக்கும் பதில் போட்டதில்லை"ன்னாங்க. எனக்கு இது தெரியாது, தம்பி.

உள்ளே போய்த் தாளும் பேனாவும் எடுத்துட்டு வந்தாங்க. "எனக்கு இப்போ எழுத வராது. நான் சொல்றேன், நீங்க எழுதுங்க."

அதை இதோட வெச்சிருக்கேன். கையெழுத்துதான் என்னோடது.

"தம்பி, உங்க மேல தப்பு இல்லை. இனிமே எனக்கு எழுத வேண்டாம். நிம்மதியா இருங்க."

என்னைப் பத்தி அதுல ஒண்ணும் இல்லை. நானும் கேக்கலை.

அக்கா